கேட்டால்தான் கிடைக்கும்: ஆராய்ச்சிக் காலத்தில் நூலகத்தை நான் பயன்படுத்திய விதம்

பல்கலைக்கழக நூலகம் என்றதும் பெரும்பாலானோர் மனதில் வருவது வாசிப்பு அறை, புத்தக அடுக்குகள், இரவல் தரும் கவுன்ட்டர், இவ்வளவுதான். ஆராய்ச்சி மாணவருக்கு வேண்டியதில் பெரும்பகுதி இந்த மூன்றிலும் இருக்காது. பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் பெரும் பணம் கொட்டிச் சந்தா கட்டும் தரவுத்தளங்கள், வேறு நூலகங்களில் இருப்பதை வரவழைத்துத் தரும் பிரிவு, பக்கத்தில் உட்கார்ந்து தேடலை அமைத்துத் தரும் துறை நூலகர், கட்டுரையை எங்கே அனுப்பலாம் எங்கே அனுப்பக் கூடாது என்று சொல்லும் ஆள் என்று உள்ளே ஒரு தனி உலகமே இயங்குகிறது. அதில் எதுவும் தானாக நம் மேசைக்கு வந்து சேராது. கேட்டால்தான் கிடைக்கும்.

குடிநீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் முறைகள் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவன் நான். இப்போது எனக்குப் பின்னால் வந்த சில மாணவர்களுக்கு உதவி வருகிறேன். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் என் துறையிலிருந்து வருபவை. உங்கள் துறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் துறை நூலகரைப் பாருங்கள். ஒவ்வொரு துறைக்கும், அல்லது இரண்டு மூன்று துறைகளுக்குச் சேர்த்து, ஒரு நூலகர் பொறுப்பில் இருப்பார். பெயரும் மெயில் முகவரியும் நூலகத்தின் தளத்தில் இருக்கும். "இலக்கிய ஆய்வு தொடங்கப் போகிறேன், அரை மணி நேரம் கிடைக்குமா?" என்று இரண்டு வரி எழுதினால் போதும். இலக்கிய ஆய்வை, அதாவது தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளின் தொகுப்பை, எழுதி முடித்துவிட்டுப் போவதில் அவ்வளவு பயன் இல்லை. தொடங்கும் முன் போக வேண்டும்.

எங்கள் துறை நூலகர் முதல் சந்திப்பில் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "தலைப்பு இருக்கட்டும் தம்பி. உங்களுக்கு என்ன தெரிய வேண்டும், அதைச் சொல்லுங்கள்." நான் ஃபுளோரைடு நீக்கம் என்றேன். எந்த நீரிலிருந்து, வீட்டில் வைத்துக்கொள்ளும் வடிகட்டியா ஊருக்கே தரும் நிலையமா, எந்தப் பொருளை வைத்து நீக்குவது, எதோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். பதில் சொல்லச் சொல்லத்தான் என் கேள்வி எனக்கே தெளிவானது. "கிணற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால், அதை வீட்டு அளவில் எலும்புக்கரியை வைத்து எவ்வளவு காலம் நீக்கிக்கொண்டிருக்க முடியும்?" 1.5 என்பது உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டும் அளவு. இப்படி ஒரு வாக்கியமாகக் கேள்வி வந்த பிறகுதான் அவர் விசைப்பலகையைத் தொட்டார்.

அதற்கு முன் ஒரு காகிதத்தை எடுத்து மூன்று செங்குத்துப் பத்தி போட்டார். முதல் பத்தியில் ஃபுளோரைடு, ஃபுளோரின். இரண்டாவதில் ரிமூவல், டிஃபுளோரிடேஷன், அட்சார்ப்ஷன், ஃபில்டர். மூன்றாவதில் டிரிங்கிங் வாட்டர், கிரவுண்ட்வாட்டர், வெல் வாட்டர். ஒரு பத்திக்குள் இருக்கும் சொற்களை ஆர் (அல்லது) என்ற இணைப்பால் சேர்க்க வேண்டும். பத்திக்கும் பத்திக்கும் நடுவே அண்ட் போட வேண்டும். தேடல் என்பது அவ்வளவுதான். எந்தத் துறையாக இருந்தாலும் இந்தக் காகிதத்தை முதலில் போடுங்கள். ஒரே பொருளைச் சொல்லும் சொற்கள் மேலிருந்து கீழாக, வெவ்வேறு கருத்துகள் இடமிருந்து வலமாக. இந்தப் பட்டியல் கையில் இருந்தால் எந்தத் தரவுத்தளத்துக்கும் அதைக் கொண்டுபோகலாம்.

கிரவுண்ட்வாட்டர் என்பதைச் சிலர் ஒரே சொல்லாக எழுதுவார்கள், சிலர் இரண்டாகப் பிரிப்பார்கள். இரண்டையும் போட வேண்டும். பிரிட்டன் எழுத்துக்கூட்டல், அமெரிக்க எழுத்துக்கூட்டல் என்று மாறும் சொற்களுக்கும் இதே கதைதான். அட்சார்ப்ஷன், அட்சார்பன்ட், அட்சார்ப்டு எல்லாவற்றையும் தனித்தனியாக அடிக்கத் தேவையில்லை. பொதுவான முன்பகுதி வரை எழுதி ஒரு நட்சத்திரக் குறி போட்டால் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் போன்ற கட்டுரைத் தரவுத்தளங்கள் எல்லா வடிவங்களையும் எடுத்துவரும்.

மேற்கோள் குறியின் அருமை எனக்கு எலும்புக்கரியில்தான் தெரிந்தது. ஆங்கிலத்தில் அதற்குப் போன் சார் என்று பெயர். இரண்டு சொற்களையும் மேற்கோள் குறி இல்லாமல் அடித்தால், எலும்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எலும்பு ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் நோய்) பற்றிய மருத்துவக் கட்டுரைகளும் வந்து குவியும். ஃபுளோரைடும் எலும்பும் சேர்ந்தால் மருத்துவம்தானே! இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டதும் பட்டியல் சட்டென்று சுருங்கியது, மிஞ்சியதில் பெரும்பாலானவை எனக்கு வேண்டியவை. பற்பசைக் கட்டுரைகளை விலக்க நாட் என்ற இணைப்பைப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பற்களைப் பற்றி ஒரு வரி முன்னுரையில் எழுதிவிட்டு நீர் சுத்திகரிப்பைப் பேசும் நல்ல கட்டுரையும் அதோடு போய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். வேண்டாததை விலக்குவதை விட வேண்டியதை இறுக்கிப் பிடிப்பது நல்லது. நாட் இணைப்பை நான் அதற்குப் பிறகு ஏறக்குறைய பயன்படுத்தவே இல்லை.

கூகுள் ஸ்காலர் போதாதா என்று எல்லா மாணவர்களும் கேட்கிறார்கள். 2004இல் வந்த அந்தக் கருவி இல்லாமல் என் வேலையும் நடந்திருக்காது. ஒரு தலைப்பில் முதல் பார்வை கிடைக்க, ஒரு கட்டுரையை யார் யார் பின்னால் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க, இலவசப் பிரதி எங்கேயாவது இருக்கிறதா என்று தேட அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் எத்தனை லட்சம் முடிவு என்று மேலே காட்டினாலும் அது திறந்து காட்டுவது முதல் 1000 மட்டுமே. நட்சத்திரக் குறி அங்கே வேலை செய்யாது. இன்று வந்த வரிசை அடுத்த மாதம் அப்படியே வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. முறையான இலக்கிய ஆய்வு எழுதுபவருக்கு இது சரிப்படாது. எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்றொடரால் தேடி எத்தனை கிடைத்தது என்று காட்ட வேண்டும். 2009இல் வந்து 2020இல் புதுப்பிக்கப்பட்ட, இத்தகைய ஆய்வுகளுக்கான பிரிஸ்மா வழிகாட்டுதல் கேட்பதும் இதைத்தான். தேடிய அன்றே அந்த நான்கையும் ஒரு கோப்பில் குறித்து வையுங்கள்.

ஸ்காலரின் அமைப்புகளில் லைப்ரரி லிங்க்ஸ் என்று ஓர் இடம் உண்டு. அதில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடிச் சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு முடிவுகளின் ஓரத்தில் நூலகம் சந்தா கட்டிய பிரதிக்கான லிங்க் வரும். ஒரு நிமிட வேலை. வீட்டிலிருந்து படிக்கும்போது கட்டுரைக்குப் பணம் கேட்கும் பக்கம் வந்தால் உடனே நூலகத்தில் அது இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வளாகத்துக்கு வெளியே இருக்கும் உங்களைப் பதிப்பகத்தின் தளத்துக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். நூலகப் பக்கத்தின் வழியாக லாகின் செய்து உள்ளே போனால் அதே கட்டுரை திறக்கும். அப்படியும் திறக்காவிட்டால் அன்பேவால் என்ற இலவச நீட்சியைப் பிரவுசரில் போட்டு வையுங்கள். ஆசிரியர்களே சட்டப்படி பொதுவில் வைத்த பிரதி இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். அதிலும் கிடைக்காதபோது நூலகத்தின் இரவல் பிரிவு இருக்கிறது.

இந்த இரவல் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நூலகங்களுக்கு இடையேயான இரவல் என்ற சேவை பல காலமாக இருக்கிறது. நம் நூலகத்தில் இல்லாத புத்தகத்தையோ கட்டுரையையோ அது இருக்கும் இன்னொரு நூலகத்திலிருந்து கேட்டு வாங்கித் தருவார்கள். உலகெங்கும் உள்ள நூலகங்களின் இருப்பை ஒன்றாகக் காட்டும் வேர்ல்ட்கேட் என்ற பொதுப் பட்டியல் 1971 முதல் இயங்குகிறது. எது எங்கே இருக்கிறது என்று பார்க்க அது போன்ற பட்டியல்கள்தான் கைகொடுக்கின்றன. கட்டுரையென்றால் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பிடிஎஃப் மெயிலில் வரும். புத்தகமென்றால் தபாலில் வந்து கவுன்ட்டரில் காத்திருக்கும்.

என் ஆய்வேட்டில் வரலாற்றுப் பகுதி ஒன்று இருந்தது. குடிநீரில் உள்ள ஃபுளோரைடுதான் பற்களில் கறையை உண்டாக்குகிறது என்பது 1931இல் உறுதியானது. அதைத் தொடர்ந்து அந்தப் பத்தாண்டிலேயே அதை நீக்கும் வழிகளைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் காலத்துக் கட்டுரைகளை இன்றைய சொற்களால் தேடினால் பல கிடைக்காது. பல் ஃபுளோரோசிஸ் என்று இன்று சொல்வதை அப்போது மாட்டில்டு எனாமல் என்றார்கள். ஃபுளோரைடு என்று வர வேண்டிய இடத்தில் பலர் ஃபுளோரின் என்று எழுதினார்கள். காகிதத்தின் முதல் பத்தியில் நூலகர் ஏன் ஃபுளோரினையும் சேர்த்தார் என்பது அப்போது விளங்கியது. மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குப் போகாது, அதன் பதிவுகளில் பெரும்பகுதி 1940களுக்குப் பிந்தியவை. "கீழ்த்தளத்துக்குப் போங்கள், கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ் அச்சுத் தொகுதிகள் அங்கே இருக்கின்றன" என்று நூலகர் அனுப்பி வைத்தார். 1907 முதல் உலகின் வேதியியல் கட்டுரைகளுக்குச் சுருக்கம் தந்த வரிசை அது. கனமான தொகுதிகள், பொடி எழுத்து. பொருளடைவில் ஃபுளோரின் என்ற சொல்லைப் பிடித்து ஆண்டு ஆண்டாகப் புரட்டினால் அந்தத் துறை எப்படி வளர்ந்தது என்பதே கண்முன் தெரிகிறது. எந்தத் திரையும் அந்த அனுபவத்தைத் தரவில்லை.

அங்கே குறித்துக்கொண்ட ஒரு கட்டுரையைப் பின்னால் வந்த பலரும் மேற்கோள் காட்டியிருந்தார்கள். ஆனால் ஒருவர் கொடுத்த தொகுதி எண் இன்னொருவர் கொடுத்ததோடு ஒத்துப்போகவில்லை. யாரோ ஒருவர் தவறாக எழுத, மற்றவர்கள் மூலத்தைப் பார்க்காமல் அதையே எடுத்து எழுதியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. இரவல் பிரிவில் இரண்டு எண்களையும் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அங்கிருந்தவர் பத்திரிகையின் ஆண்டையும் தொகுதி எண்ணையும் சரிபார்த்து, எது பொருந்தும் என்று கண்டுபிடித்து, அதை வைத்திருந்த நூலகத்துக்குக் கோரிக்கை அனுப்பினார். அந்த வாரமே ஸ்கேன் வந்தது. படித்துப் பார்த்தால் தொகுதி எண்ணோடு பிரச்சினை முடியவில்லை. ஃபுளோரைடை நீக்கும் இன்னொரு பொருளான கிளர்வூட்டிய அலுமினா எவ்வளவு ஃபுளோரைடைப் பிடிக்கும் என்ற எண்ணை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள், அது எந்த பிஎச் (அமில-காரத் தன்மை) அளவில் அளந்தது என்பதை விட்டுவிட்டார்கள். அலுமினா நன்றாக வேலை செய்வது பிஎச் 5க்கும் 6க்கும் இடையில். கிணற்று நீர் பெரும்பாலும் அதற்கு மேல்தான் இருக்கும். அந்த எண்ணை அப்படியே நம்பி வடிகட்டி வடிவமைத்தால் சொன்ன காலம் வரை அது தாங்காது. மூலத்தைப் பார் என்று நெறியாளர்கள் சொல்வது சும்மா இல்லை. மூலத்தைக் கண்ணில் காட்டியது இரவல் பிரிவு. அந்தக் கோரிக்கைப் படிவத்தில் உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள். எங்கே அந்த மேற்கோளைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். தேடுபவருக்கு அதுதான் துப்பு.

புத்தக அடுக்குக்கும் ஒரு வார்த்தை. புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம முறையில் குடிநீர் வழங்கல் 628.1இல் இருக்கும். அங்கே நின்று பக்கத்துப் புத்தகங்களையும் புரட்டுவது நல்ல பழக்கம்தான். ஆனால் ஃபுளோரைடு ஒரே இடத்தில் அடங்காது. அதன் வேதியியல் 546இல், நச்சுத்தன்மை 615.9இல், பல் மருத்துவம் 617.6இல் கிடக்கும். கேட்டலாகில் ஒரு நல்ல புத்தகத்தின் பதிவைத் திறந்து, அதில் உள்ள பொருள் தலைப்பைச் சொடுக்கினால் வெவ்வேறு அடுக்கில் உள்ளவை ஒரே பட்டியலில் வரும். அதைச் செய்துவிட்டு அடுக்குக்குப் போங்கள்.

அப்புறம் நூலகம் அனுப்பும் மெயில்கள். படிக்காமல் அழிப்பவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் ஆராய்ச்சி மாணவர் தவறவிடக் கூடாதவை அவை. புதிய தரவுத்தளம் ஒன்றைச் சில வாரங்களுக்குச் சோதனை முறையில் திறந்துவிட்டிருக்கிறோம் என்று ஒரு செய்தி வரும். அந்தச் சில வாரங்களில் உங்கள் தேடலை அங்கே ஓட்டிப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, பயனுள்ளதா இல்லையா என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். சந்தா கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர்களுக்குப் பயனர்கள் எழுதும் கருத்து உண்மையிலேயே தேவைப்படுகிறது. அடுத்த ஆண்டு இந்தப் பத்திரிகைகளை நிறுத்த உத்தேசித்திருக்கிறோம் என்றும் ஒரு பட்டியல் வரும். எங்கள் ஆய்வகத்தில் ஓயாமல் படித்த பத்திரிகை ஒன்று அப்படி ஒரு பட்டியலில் இருந்தது. அதிலிருந்து நாங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகளையும் நடந்துகொண்டிருந்த ஆய்வுகளையும் குறிப்பிட்டு நானும் உடன் படித்தவர்களும் எழுதினோம். பத்திரிகை தப்பித்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நிறுத்துவதா வைத்துக்கொள்வதா என்பதற்கு நூலகம் பார்க்கும் முக்கியமான சான்று பயன்பாட்டுக் கணக்கு. எந்தப் பத்திரிகையிலிருந்து எத்தனை கட்டுரை திறக்கப்பட்டது என்பதைப் பதிப்பகங்கள் கவுன்ட்டர் (COUNTER) என்ற பொதுத் தரநிலைப்படி நூலகத்துக்குத் தருகின்றன. நண்பர் அனுப்பிய பிடிஎஃப்பையோ எங்கிருந்தோ இறக்கியதையோ படித்தால் அந்தக் கணக்கில் அது ஏறாது. உங்களுக்கு மிகவும் வேண்டிய பத்திரிகையை யாருமே படிப்பதில்லை என்று கணக்கு சொல்லும். சந்தா உள்ள பத்திரிகையை நூலகத்தின் வழியாகவே திறங்கள்.

இன்னொரு மெயில், கட்டுரை வெளியிடும் கட்டணம் பற்றியது. திறந்த அணுக்கத்தில், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கும்படி, வெளியிட ஆசிரியரிடமே பெருந்தொகை வாங்கும் பத்திரிகைகள் நிறைய. சில பதிப்பகங்களோடு நூலகம் ஒப்பந்தம் போட்டிருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் கட்டுரைக்குக் கட்டணம் இருக்காது அல்லது குறையும். எந்தப் பத்திரிகைகள் அதில் அடங்கும், இந்த ஆண்டு ஒதுக்கீடு மிச்சம் இருக்கிறதா என்பதைக் கட்டுரை அனுப்பும் முன்பே கேட்டுவிட வேண்டும். பத்திரிகையோடு தொடர்பு கொள்ளும் ஆசிரியராக யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் சலுகை மாறும். ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு ஓடினால் சில சமயம் காலம் கடந்திருக்கும்.

கட்டுரை அனுப்பும் பேச்சு வந்ததால் எங்கள் ஆய்வகத்துத் தங்கை ஒருத்தியின் விஷயத்தைச் சொல்கிறேன். ஒரு பத்திரிகையிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. உங்கள் கட்டுரையைப் பார்த்தோம், பெருமைப்படுகிறோம், ஒரு வாரத்தில் மதிப்பீடு முடித்துவிடுவோம், ஸ்கோபஸில் இருக்கிறோம் என்று நீளமான மெயில். அவள் மகிழ்ச்சியில் இருந்தாள். "அண்ணா, அனுப்பிவிடவா?" என்று கேட்டாள். நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பு என்றேன். நூலகர் மூன்று விஷயம் பார்த்தார். ஸ்கோபஸின் பத்திரிகைப் பட்டியலில் தேடினார். அந்தப் பெயர் இருந்தது, ஆனால் பதிவு சில ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்தப்பட்டதாகக் குறிப்பு இருந்தது. 2003 முதல் நடக்கும் திறந்த அணுக்கப் பத்திரிகைகளின் அடைவில், அதாவது டிஓஏஜேயில் பார்த்தார், இல்லை. கடைசி இதழைத் திறந்தார். மீன் வளர்ப்பு, வங்கிக் கணக்கியல், இதய நோய், கல்வி உளவியல் எல்லாம் ஒரே இதழில் இருந்தன. நீர் வேதியியலை மதிப்பிட அங்கே யார் இருக்கப் போகிறார்கள்? அவள் அதை விட்டுவிட்டுத் துறைசார்ந்த பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினாள். திருத்தச் சொல்லி இருமுறை திரும்பி வந்து, பிறகு வெளியானது. திங்க் செக் சப்மிட் என்ற இலவசக் கேள்விப் பட்டியல் இருக்கிறது, இதைப் பற்றித் தயக்கம் வரும்போதெல்லாம் அதை ஓட்டிப் பார்க்கலாம். ஆனாலும் நூலகரின் கண் வேறு.

மேற்கோள் மேலாண்மைக்கு என் கை ஸோட்டெரோவுக்குத்தான் போகும். 2006இல் ஒரு பல்கலைக்கழக வரலாற்று மையத்திலிருந்து வந்த, கட்டுரை விவரங்களைச் சேமித்து மேற்கோள் பட்டியல் அமைக்கும் இலவசக் கருவி. உங்கள் நூலகம் வேறொன்றை ஆதரித்தால், அதற்குப் பயிற்சியும் உதவியும் கிடைக்குமென்றால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. எதுவானாலும் முதல் கட்டுரையிலிருந்தே சேர்க்கத் தொடங்க வேண்டும். நூலகம் நடத்தும் பயிலரங்கு ஒன்றில் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் பழகிவிடும். கருவி தானாக இழுத்து வரும் விவரங்களை அப்படியே நம்ப வேண்டாம். ஆசிரியர் பெயரில் முதல் பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறியிருக்கும், பக்க எண் விடுபட்டிருக்கும். நம்மவர் பெயர்களில் முன்னெழுத்து படாத பாடு படும். சேர்க்கும்போதே சரிசெய்துவிட்டால் ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் அந்த வேலை இருக்காது.

ஸோட்டெரோவை நான் விரும்ப இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் சேமித்த கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால் 2019 முதல் அது சிவப்பில் எச்சரிக்கை காட்டுகிறது. தட்டம்மைத் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய கட்டுரை 1998இல் வந்து 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது. நடுவே எவ்வளவு பேர் அதைப் படித்து நம்பியிருப்பார்கள்! திரும்பப் பெற்ற கட்டுரைகளின் பெரிய தொகுப்பை 2023இல் கிராஸ்ரெஃப் என்ற, கட்டுரை விவரங்களைப் பதிவுசெய்யும் அமைப்பு வாங்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. உங்கள் ஆய்வின் அடித்தளமாக நிற்கும் கட்டுரைகளை மட்டுமாவது சமர்ப்பிக்கும் முன் அங்கே ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இப்போது மாணவர்கள் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் மேற்கோள் கேட்கிறார்கள். தேடலுக்கு வேண்டிய மாற்றுச் சொற்களைக் கேட்க, கடினமான பத்தியை எளிமையாக்கிப் புரிந்துகொள்ள அவை உதவுகின்றன. மேற்கோள் பட்டியலை மட்டும் அவற்றிடமிருந்து அப்படியே எடுக்கவே கூடாது. உண்மையான ஆசிரியர், உண்மையான பத்திரிகை, நம்பும்படியான தலைப்பு எல்லாம் இருக்கும், அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. இல்லாத கட்டுரையை வரவழைத்துத் தரச் சொல்லி இரவல் பிரிவுக்குக் கோரிக்கைகள் வருகின்றன, அதைத் தேடி நூலகர்களின் நேரம் வீணாகிறது. சோதிப்பது எளிது. டிஓஐ எண்ணை, அதாவது கட்டுரைக்கென்று உள்ள நிலையான அடையாள எண்ணை, திறந்து பாருங்கள். அது 10 என்று தொடங்கும், திறந்தால் அந்தக் கட்டுரையின் பக்கத்துக்கே போக வேண்டும். எண் இல்லையென்றால் தலைப்பை கிராஸ்ரெஃப் தேடலில் போடுங்கள். அங்கும் இல்லை, பத்திரிகையின் அந்த இதழ்ப் பொருளடக்கத்திலும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

என் நண்பர் ஒருவருக்குப் பார்வை மிகக் குறைவு. திரைவாசிப்பான் மென்பொருளை வைத்துத்தான் படிப்பார். பழைய கட்டுரைகளின் ஸ்கேன் வெறும் படமாக இருப்பதால் மென்பொருளால் அதை வாசிக்க முடியாது. இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கத்தை அது குறுக்கே வாசித்து, இந்தப் பத்தியின் அரை வரியையும் அந்தப் பத்தியின் அரை வரியையும் ஒட்டிவிடும். அணுகல் சேவை என்று நூலகத்தில் ஒரு பிரிவு இருப்பதை அவர் ஒரு சுவரொட்டியில் இருந்த விவரத்தை நான் படித்துச் சொன்னபோதுதான் அறிந்தார். அங்கே அவர் கொடுத்த ஒவ்வொரு கட்டுரையையும் எழுத்தாக மாற்றி, தலைப்புகளுக்கு அடையாளமிட்டு, அட்டவணைகளை வரிசையாக வாசிக்கும்படி அமைத்துக் கொடுத்தார்கள். 2013இல் ஏற்கப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்த மரகேஷ் உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளில் இப்படிப்பட்ட பிரதிகளைப் பதிப்புரிமையாளரிடம் தனியாக அனுமதி கேட்காமலே செய்ய வழி திறந்திருக்கிறது. அந்தப் பிரிவு இருப்பது தேவைப்படுபவர்களுக்கே தெரியாமல் போவதுதான் எனக்கு வருத்தம். யாரிடமாவது சொல்லும் வாய்ப்பு வந்தால் சொல்லுங்கள்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அந்த விதிப்படி நடக்கும் நூலகர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய நேரத்தை நாமும் மிச்சப்படுத்தலாம். "என் தலைப்பில் ஏதாவது அனுப்புங்கள்" என்று எழுதாமல், இதுவரை எங்கே தேடினீர்கள், எந்தச் சொற்களால் தேடினீர்கள், என்ன கிடைத்தது, எங்கே நின்றுவிட்டது, எப்போதைக்கு வேண்டும் என்று எழுதுங்கள். அதற்கு வரும் பதிலின் தரமே வேறு.

சின்னச் சின்ன வேலைகள் சில. தரவுத்தளத்தில் உங்கள் தேடலைச் சேமித்து அலர்ட் போட்டுவிட்டால் புதிய கட்டுரை வரும்போது மெயில் வரும். வாரம் ஒருமுறை என்று வையுங்கள், தினமும் வைத்தால் சலித்துவிடும். ஆர்கிட் (ORCID) என்ற, ஆய்வாளருக்கான அடையாள எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 16 இலக்கம், இலவசம், 2012 முதல் கிடைக்கிறது. ஒரே பெயரில் பலர் எழுதும்போது உங்கள் கட்டுரை உங்கள் கணக்கில் நிற்க அது வேண்டும். அளவீட்டுத் தரவை எங்கே வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது என்று பல நூலகங்களில் ஆலோசனை தருகிறார்கள். தரவைச் சேகரிக்கத் தொடங்கும் முன் போய்க் கேளுங்கள்.

ஆய்வேடு முடிந்த பிறகும் நூலகத்தில் ஒரு வேலை மிச்சம் இருக்கும். ஆய்வேட்டைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேர்க்கும்போது உடனே பொதுவில் திறப்பதா, சில காலம் மூடி வைப்பதா என்று கேட்பார்கள். அதன் ஒரு பகுதியைப் புத்தகமாகவோ கட்டுரையாகவோ கொண்டுவர உத்தேசம் இருந்தால் பதிப்பகத்தின் விதியைப் பார்த்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள். வேறு புத்தகத்திலிருந்து எடுத்த படங்களுக்கு எழுத்துமூல அனுமதி உள்ளதா என்பதையும் அப்போதே சரிபார்க்க வேண்டும். மாணவர் கணக்கு மூடப்படும் தேதியையும் கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள், பழைய மாணவர்களுக்கான உறுப்பினர் அட்டையில் தரவுத்தளங்கள் பெரும்பாலும் திறக்காது. அந்தத் தேதிக்கு முன்பே ஸோட்டெரோ, ஆர்கிட், அலர்ட் எல்லாவற்றிலும் பல்கலைக்கழக மெயிலை எடுத்துவிட்டுச் சொந்த மெயிலைப் போடுங்கள். சேமித்த தேடல்களைக் கோப்பாக இறக்கிக்கொண்டு, வரவழைத்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து, பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றை வாங்கி வையுங்கள். பட்டச் சான்றிதழ் கேட்கும்போது அதைக் காட்டச் சொல்வார்கள்.